பொய் விளம்பரம்: ஏமாந்தவர் என்ன செய்யலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வக்கீல் இல்லை. சில வருடங்களாக எனக்காகவும் அக்கம்பக்கத்தாருக்காகவும் நுகர்வோர் புகார்கள் எழுதி, ஆணையத்துக்கு அலைந்து, கற்றுக்கொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன். திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள் இவை.

எல்லா விளம்பரமும் கொஞ்சம் ஏற்றித்தானே சொல்லும்? எதைப் பொய் என்று சொல்வது?

"எங்கள் காபியைக் குடித்தால் காலையே அழகாகிவிடும்" என்பதை யாரும் நம்பிக் காசு கொடுப்பதில்லை. அது வியாபாரப் பேச்சு. "14 நாளில் முடி வளரும்", "99 சதவீதக் கிருமிகளைக் கொல்லும்", "பேருந்து நிலையத்திலிருந்து 5 நிமிடம்" என்பது வேறு. அளந்து பார்க்கக்கூடிய ஒன்றைச் சொல்லிவிட்டால், அதற்கு ஆதாரம் காட்டும் கடமை சொன்னவருக்கு வந்துவிடுகிறது.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளைப் பற்றித் தவறாகச் சொல்வதையும், பொய்யான உத்தரவாதம் தருவதையும் குற்றமாகப் பார்க்கிறது. முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் அதே வரிசையில் வைத்திருக்கிறது. என் அனுபவத்தில் அதிகம் நடப்பது இந்த மறைப்புதான். சொன்னது முழுக்க உண்மையாக இருக்கும், சொல்லாமல் விட்டதில்தான் ஏமாற்று இருக்கும். ஐஸ்கிரீம் டப்பா என்று நினைத்து வாங்குவதில் "ஃப்ரோசன் டெசர்ட்" என்று எழுதியிருந்தால் பாலின் கொழுப்புக்குப் பதில் தாவரக் கொழுப்பு சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். விளம்பரத்தில் பால் ஊற்றுவதைக் காட்டுவார்கள், எண்ணெய் ஊற்றுவதைக் காட்ட மாட்டார்கள்.

கீழே பொடி எழுத்தில் "நிபந்தனைகளுக்கு உட்பட்டது" என்று போட்டுவிட்டால் தப்பித்துக்கொள்ளலாமா?

முடியாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூன் 9-ஆம் தேதி வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளில் இது தெளிவாக இருக்கிறது. பொறுப்புத் துறப்பு வாசகம், விளம்பரத்தில் சொன்ன அதே மொழியில், அதே எழுத்து வகையில், கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். மேலே சொன்ன வாக்குறுதியைக் கீழே அது தலைகீழாக்கவும் கூடாது. தமிழில் முழங்கிவிட்டு அடியில் ஆங்கிலத்தில் ஒரு வரி ஓடவிடும் விளம்பரங்களை ஒரு மாலை டிவி பார்த்தாலே எண்ணிவிடலாம். பல பேருக்கு இது விதிமீறல் என்றே தெரியாது.

விசாரிக்காமல் வாங்கியது நம் தப்புதானே? ஏமாந்தவரைத்தானே குறை சொல்ல வேண்டும்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் அத்தைக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. காலை, இரவு இரண்டு வேளையும் மாத்திரை. பிற்பகலில் டிவியில் ஒரு அரை மணி நேர நிகழ்ச்சி வரும். பார்த்தால் மருத்துவப் பேட்டி மாதிரியே இருக்கும், உண்மையில் காசு கொடுத்து வாங்கிய விளம்பர நேரம். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர், சிறுகுறிஞ்சான் பொடியில் செய்த மருந்தால் சர்க்கரை நோய் "வேரோடு போய்விடும்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். அத்தை போன் செய்தார். பத்தே நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டார்கள். 2,499 ரூபாய்க்குப் பச்சை லேபிள் ஒட்டிய பிளாஸ்டிக் டப்பா வந்து சேர்ந்தது. கூடவே மடித்து வைத்த ஒரு துண்டுத்தாள். "முதல் 15 நாள் சர்க்கரை ஏறும். அது நோய் வெளியேறுவதற்கான அறிகுறி, பயப்பட வேண்டாம்" என்று அதில் அச்சடித்திருந்தது.

அந்த ஒரு வரியை நான் பலமுறை படித்திருக்கிறேன். எச்சரிக்கை மணி அடித்தாலும் எழுந்து போகாமல் இருப்பதற்கென்றே யோசித்து எழுதிய வரி அது. அத்தை மாத்திரையை நிறுத்தினார். சர்க்கரை ஏறியது. சரி, அவர்கள் சொன்னதுதானே நடக்கிறது என்று தைரியமாக இருந்துவிட்டார். பத்தொன்பதாம் நாள் மயங்கி விழுந்தபோது அளவு 480.

ஆஸ்பத்திரியில் வந்து பார்த்த எல்லோரும் அத்தையைத்தான் திட்டினார்கள். "இவ்வளவு வயசாச்சு, இதைப் போய் நம்புவியா?" நானும் அப்படித்தான் கேட்டேன், இன்றும் அதற்காக வருந்துகிறேன். வீடு திரும்பியதும் அவர் செய்த முதல் வேலை, அந்த டப்பாவையும் பில்லையும் குப்பையில் போட்டதுதான். அத்தனை வெட்கம்.

விற்றவருக்கு மருந்தைப் பற்றி எல்லாம் தெரியும், வாங்குபவருக்கு எதுவும் தெரியாது. பொடிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க அத்தையிடம் ஆய்வகம் இல்லை. "பார்த்து வாங்கியிருக்க வேண்டும்" என்று சொல்லும்போது, எடை போட முடியாதவர் கையில் தராசைக் கொடுக்கிறோம். ஏமாந்தவர் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வதுதான் ஏமாற்றியவருக்குக் கிடைக்கும் பெரிய பாதுகாப்பு. நாம் திட்டும்போது அந்தப் பாதுகாப்பை நாமே ஏற்படுத்தித் தருகிறோம்.

நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யவே கூடாதா?

குறிப்பிட்ட நோய்களுக்குக் கூடாது. மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் தொடர்பான ஆட்சேபகரமான விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம் 1954-லேயே வந்துவிட்டது. அதன் அட்டவணையில் 54 நோய்கள் இருக்கின்றன, அவற்றில் சர்க்கரை நோயும் ஒன்று. ஆங்கில மருந்தா, சித்தாவா, ஆயுர்வேதமா என்ற பேதம் இதில் இல்லை. சித்த மருத்துவத்தை மதிக்கிறவன் நான். முறையாகப் படித்த சித்த மருத்துவர் நாடி பார்த்து மருந்து கொடுப்பதை இந்தச் சட்டம் தடுக்கவில்லை. ஊருக்கே ஒரு டப்பா என்று கூவி விற்பதைத்தான் தடுக்கிறது. தண்டனை மட்டும் குறைவு: முதல் தடவை ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

சட்டம் இருந்தும் எப்படி நடக்கிறது என்பதற்கு, ஆயுர்வேதப் பொருள்கள் விற்கும் பதஞ்சலி நிறுவனத்தின் வழக்கைப் பாருங்கள். நோயைக் குணப்படுத்துவதாக அது செய்த விளம்பரங்களை எதிர்த்து இந்திய மருத்துவச் சங்கம் 2022-ல் உச்ச நீதிமன்றம் போனது. இனி இப்படி விளம்பரம் செய்ய மாட்டோம் என்று 2023 நவம்பரில் நிறுவனம் உறுதி கொடுத்தது. அதன் பிறகும் நிற்கவில்லை என்று 2024 பிப்ரவரியில் நீதிமன்ற அவமதிப்பு நோட்டீஸ் போனது. ஏப்ரலில் பத்திரிகைகளில் மன்னிப்பு வெளியிட்டபோது, உங்கள் விளம்பரம் இருந்த அளவுக்கு இந்த மன்னிப்பும் இருந்ததா என்று நீதிபதிகள் கேட்டார்கள். ஆகஸ்ட் மாதம் மன்னிப்பை ஏற்று அவமதிப்பு வழக்கை முடித்தார்கள். அந்த அளவு பற்றிய கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பொய் முழுப் பக்கத்துக்கு வந்தால் திருத்தமும் முழுப் பக்கத்துக்கு வர வேண்டும்.

ஒரு பிஸ்கட் குறைந்ததற்கெல்லாம் வழக்குப் போட்டு ஜெயித்தார்களாமே, உண்மையா?

உண்மைதான். சென்னை மாத்தூரைச் சேர்ந்த ஒருவர் வாங்கிய சன்ஃபீஸ்ட் மேரி லைட் பாக்கெட்டில் 16 பிஸ்கட் என்று அச்சடித்திருந்தது. உள்ளே 15 இருந்தன. தெருவில் திரியும் விலங்குகளுக்குப் போட வாங்கியவை அவை. விலங்குக்குத்தானே என்று அவர் விட்டுவிடவில்லை. ஒன்று குறைந்தால் முக்கால் ரூபாய், நாளொன்றுக்கு 50 லட்சம் பாக்கெட் என்றால் எத்தனை லட்சம் என்று கணக்குப் போட்டுத் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார்.

நாங்கள் எடைக்குத்தான் விற்கிறோம், எண்ணிக்கைக்கு இல்லை என்பது ஐடிசி நிறுவனத்தின் வாதம். உறையில் 76 கிராம் என்றிருந்தது. நிறுத்துப் பார்த்தபோது அதுவும் 74 கிராம்தான் இருந்தது. ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும், அந்தத் தொகுப்பைச் சேர்ந்த பிஸ்கட்டை விற்பதை நிறுத்த வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ஆணையம் உத்தரவிட்டது.

"முக்கால் ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆளுக்கு முக்கால் ரூபாய் என்பதால்தான் யாரும் கேட்பதில்லை. யாரும் கேட்பதில்லை என்பதால்தான் இந்தக் குறை நீடிக்கிறது. அவர் அலைந்தது நம் எல்லோருடைய முக்கால் ரூபாய்க்காகவும்தான்.

"சென்னைக்கு மிக அருகில்" என்று மனை வாங்கினேன். போய்ப் பார்த்தால் பொட்டல் காடு. பணம் திரும்பக் கிடைக்குமா?

வாய்ப்பு இருக்கிறது. விளம்பரத் துண்டறிக்கையை வைத்திருக்கிறீர்களா என்பதுதான் முதல் கேள்வி.

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தில் 12-வது பிரிவு இதற்கென்றே இருக்கிறது. விளம்பரத்திலோ துண்டறிக்கையிலோ மாதிரி வீட்டிலோ இருந்த தவறான தகவலை நம்பி முன்பணம் கொடுத்து நட்டப்பட்டால், இழப்பீடு கேட்கலாம். வேண்டாம் என்று விலகினால் கட்டிய பணத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டும். 500 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய 12 சென்ட்டுக்கு மேல் உள்ள மனைப்பிரிவையோ, எட்டு வீடுகளுக்கு மேல் உள்ள குடியிருப்பையோ பதிவு செய்யாமல் விளம்பரம் செய்வதே தவறு. பதிவு எண் விளம்பரத்தில் இருக்க வேண்டும். தமிழ்நாடு ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் தளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தால் உண்மையான வரைபடமும் ஒப்புதலும் தெரிந்துவிடும்.

சனி, ஞாயிறுகளில் இலவச வேனில் கூட்டிப் போய், மதியம் பிரியாணி போட்டு, டோக்கன் அட்வான்ஸ் கேட்பார்கள். சாப்பிடுங்கள், பார்த்துவிட்டு வாருங்கள். பணத்தை மட்டும் அன்றைக்குக் கொடுக்காதீர்கள். "இன்று மட்டும்தான் இந்த விலை" என்பவரிடம் பதிவு எண்ணைக் கேட்டுவிட்டு, ஒரு வாரம் கழித்து நீங்களாகவே ஒரு மழை நாளில் பஸ்ஸில் போய் இறங்கிப் பாருங்கள். ஐந்து நிமிடம் எத்தனை கிலோமீட்டர் என்பதும், தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதும் அப்போது தெரியும்.

விளம்பரத்தில் நடித்த நடிகருக்குப் பொறுப்பு இல்லையா?

இப்போது இருக்கிறது. முன்பு இல்லை, அதற்குக் கொங்குப் பகுதி கொடுத்த விலை பெரியது. பெருந்துறையில் ஈமு கோழிப் பண்ணை என்று சுசி நிறுவனம் ஆரம்பித்ததை நினைத்துப் பாருங்கள். குஞ்சுகளை நாங்கள் தருகிறோம், நீங்கள் வளருங்கள், மாதாமாதம் பணம் வரும் என்று விளம்பரம். தெரிந்த முகங்கள் டிவியில் வந்து சொன்னார்கள். நகையை அடகு வைத்தும் நிலத்தை விற்றும் கொண்டுபோய்க் கட்டினார்கள். ஈமுக் கறிக்கும் முட்டைக்கும் இங்கே சந்தையே இல்லை. புதிதாகச் சேர்ந்தவர் கட்டிய பணம்தான் பழையவருக்கு மாதச் சம்பளமாகப் போனது. 2012-ல் எல்லாம் சரிந்தது. கேட்பாரற்றுப் பட்டினி கிடந்த பறவைகளுக்கு அரசு தீவனம் போட வேண்டியிருந்தது.

2019 சட்டப்படி, பொய்யான விளம்பரத்தில் தோன்றி ஆதரவு தருபவருக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை. முதல் முறை ஓராண்டு வரையும், அடுத்த முறை மூன்றாண்டு வரையும் எந்தப் பொருளுக்கும் ஆதரவு தரக்கூடாது என்று தடை விதிக்கலாம். சொல்லும் விஷயம் உண்மையா என்று முறையாக விசாரித்துவிட்டு நடித்தவருக்கு மட்டும் விலக்கு. நடிகருக்கு அந்த ஒரு நாள் படப்பிடிப்பு. அவர் முகத்தை நம்பிக் கட்டியவருக்கு வாழ்நாள் சேமிப்பு. இந்தப் பொறுப்பு அவருக்கு இருப்பதுதான் நியாயம்.

யூடியூப், இன்ஸ்டாகிராமில் பேசுபவர்களுக்கு?

அதே விதிதான். காசோ இலவசப் பொருளோ வாங்கிக்கொண்டு பேசினால், இது விளம்பரம் என்று புரியும்படி சொல்ல வேண்டும். 2023 ஜனவரியில் இதற்கென்று தனிக் கையேடு வந்தது. வீடியோவுக்குக் கீழே, யாரும் திறந்து பார்க்காத குறிப்பில் ஒளித்து வைத்தால் போதாது.

ஆடித் தள்ளுபடி, "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" எல்லாம் ஏமாற்றா?

எல்லாம் இல்லை. பழைய சரக்கைக் கழிக்க நிஜமாகவே விலை குறைக்கும் கடைகள் நிறைய உண்டு. இலவசம் என்று சொன்னால் அது இலவசமாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் விதி. அதற்காக வேறு கட்டணம் வாங்கக்கூடாது, கொண்டுவந்து தரும் செலவு போன்ற தவிர்க்க முடியாதது மட்டும் விலக்கு. பாக்கெட் பொருள்களில் ஒன்று கவனியுங்கள்: விலையைக் குறைத்து ஸ்டிக்கர் ஒட்டலாம், ஆனால் பழைய அதிகபட்ச சில்லறை விலையை அது மூடக்கூடாது. ஏற்றி ஒட்டவே கூடாது. ஸ்டிக்கரை நகத்தால் கொஞ்சம் கிளப்பிப் பாருங்கள், அடியில் குறைந்த விலை இருந்தால் உடனே போட்டோ எடுத்துக்கொண்டு, தொழிலாளர் துறையின் எடையளவு ஆய்வாளருக்கு எழுதுங்கள்.

குழந்தைகளுக்கான சத்துபானம்?

இந்திய உணவுச் சட்டத்தில் "ஹெல்த் டிரிங்க்" என்று ஒரு வகையே இல்லை. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், அந்தத் தலைப்பிலிருந்து இத்தகைய பானங்களை எடுத்துவிடும்படி இணையக் கடைகளுக்குச் சொன்னது. அதே ஆண்டு ஜூனில், நீர் சேர்த்துத் தயாரித்த ஜூஸுக்கு "100 சதவீதப் பழச்சாறு" என்று போடக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானங்களை அளவில் அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசைப்படி எழுத வேண்டும் என்பது விதி. முதல் இரண்டு பெயர்களில் சர்க்கரை வந்தால், முன்பக்கம் யார் எவ்வளவு உயரம் வளர்ந்தாலும் கவலைப்பட வேண்டாம், அது இனிப்புப் பொடி. குழந்தைகள் நிகழ்ச்சிகளுக்கு நடுவே சிப்ஸ், கோலா விளம்பரம் போடவும் தடை இருக்கிறது. மீறினால் எந்தச் சேனல், எத்தனை மணி என்று குறித்து அனுப்புங்கள். குழந்தையால் புகார் எழுத முடியாது, நாம்தான் எழுத வேண்டும்.

"எங்கள் மாணவர் மாநிலத்தில் முதலிடம்" என்று பயிற்சி மையங்கள் போடும் போட்டோக்கள்?

ஒரே மாணவர் நான்கு மையங்களின் பேனரில் சிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். நான்கிலும் ஒருவேளை படித்தவர்தான், ஒன்றில் ஒரு வருடம், மற்றொன்றில் இலவச மாதிரி நேர்முகத் தேர்வு ஒன்று. எதில் என்ன படித்தார் என்று மறைப்பதே ஏமாற்று. 2024 நவம்பரில் வந்த நெறிமுறைப்படி, எந்தப் பாடப்பிரிவு, எத்தனை நாள், கட்டணமா இலவசமா என்று போட்டோவோடு போட வேண்டும். தேர்வில் வெற்றி பெற்ற பிறகு மாணவரின் சம்மதம் வாங்கித்தான் போட்டோவையே பயன்படுத்தலாம்.

சரி, எங்கே புகார் செய்வது?

1915-க்கு போன் செய்யுங்கள். இது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். நிறையப் பிரச்சினைகள் இந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடுகின்றன.

விளம்பரத்தை நிறுத்த வேண்டும் என்பது மட்டும்தான் நோக்கம் என்றால் இந்திய விளம்பரத் தர நிர்ணய மன்றத்துக்கு எழுதலாம். 1985-ல் விளம்பரத் துறையினரே அமைத்துக்கொண்டது. அபராதம் போடும் அதிகாரம் அதற்கு இல்லை, மாற்று அல்லது எடுத்துவிடு என்று சொல்லும். டிவி விளம்பரத்துக்கு அந்த வார்த்தைக்குக் கனம் அதிகம், கேபிள் விதிகளே அதன் நெறிமுறையை மீறக்கூடாது என்கின்றன.

அப்புறம், பலருக்குத் தெரியாத ஒரு வழி: மாவட்ட ஆட்சியர். பொய் விளம்பரம் பற்றிய புகாரை எழுத்து மூலமாக ஆட்சியரிடமே கொடுக்கலாம் என்று 2019 சட்டம் சொல்கிறது. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்று கொடுத்துவிட்டு, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் நட்டத்துக்கு இழப்பீடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் இங்கேயே. 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்தாக வேண்டும் என்றில்லை. நிறுவனம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அதை மட்டும் மறக்காதீர்கள். மூன்று முதல் ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, நடைமுறையில் வருடக்கணக்கில் இழுக்கும். மனதைத் தயார்படுத்திக்கொண்டு போங்கள்.

என்னென்ன ஆதாரம் வேண்டும்?

பில், உறை, துண்டறிக்கை, விளம்பரத்தின் போட்டோ அல்லது ஸ்கிரீன்ஷாட். டிவி என்றால் சேனல், தேதி, நேரம். போனில் சொன்ன வாக்குறுதியை வாட்ஸ்அப்பில் "நீங்கள் இப்படிச் சொன்னீர்கள், சரிதானே?" என்று கேட்டுப் பதில் வாங்கிவிடுங்கள். எதையும் தூக்கி எறியாதீர்கள், பொருள் கெட்டுப்போனாலும்.

காசு வாங்கிக்கொண்டு இதையெல்லாம் போடும் சேனலையும் பத்திரிகையையும் யார் கேட்பது?

பொய் என்று தெரிந்தே போட்டால் வெளியிடுபவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. வழக்கமான தொழில் முறையில், தெரியாமல் போட்டோம் என்றால் தப்பிக்கலாம். ஆகவே அவர்களுக்குத் தெரியப்படுத்துங்கள். புகாரின் நகலைச் சேனலுக்கும் பத்திரிகைக்கும் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டால், அடுத்த முறை அவர்கள் தெரியாது என்று சொல்ல முடியாது. மாலைச் செய்தியில் போலி மருத்துவர் கைது என்று வாசித்துவிட்டுப் பிற்பகல் நேரத்தை அப்படிப்பட்டவருக்கே விற்பது பெரிய அநியாயம். வாசகர்களும் நேயர்களும் எழுதிக் கேட்டால்தான் இது மாறும்.

உங்கள் அத்தை புகார் செய்தாரா?

டப்பாவும் பில்லும் போய்விட்டதால் இழப்பீட்டு வழக்குப் போட முடியவில்லை. ஆனால் அந்தத் துண்டுத்தாள் மருந்துச் சீட்டுக்கு நடுவே செருகியிருந்தது. ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சுருக்கத்தோடு அதைச் சேர்த்து, நிகழ்ச்சி வந்த தேதிகளையும் எழுதி, ஆட்சியருக்கும் சென்னையில் உள்ள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் அனுப்பினோம். கையெழுத்துப் போடத்தான் அத்தை இரண்டு நாள் யோசித்தார். "என் பேர் வெளியே தெரியுமா?" என்று கேட்டார். தெரிந்தால் என்ன, தப்புச் செய்தது நீங்கள் இல்லையே என்றேன். போட்டார்.

இப்போது பிற்பகலில் எனக்கு அவரிடமிருந்து போன் வரும். "ரெண்டே காலுக்கு இன்னொருத்தன் மூட்டு வலிக்கு எண்ணெய் விக்கிறான். சேனல் பேரு சொல்றேன், குறிச்சுக்கோ."